ஆறாம் எண் கூண்டு

ஐப்பசி பிறந்துவிட்டால் டி.வி. செய்தியில் ஒரு வாக்கியம் தவறாமல் வரும். ‘வங்கக் கடலில் புயல் சின்னம்... கடலூர், நாகை, பாம்பன் துறைமுகங்களில் ஒன்றாம் எண் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது.’ நாம் காபியை உறிஞ்சிக்கொண்டே ‘ஒண்ணுதானே’ என்று சீரியலுக்குத் தாவிவிடுவோம். மறுநாள் மூன்று என்பார்கள். ‘மூணாயிடுச்சா?’ என்று புருவத்தை உயர்த்துவோம். எட்டு, ஒன்பது என்று போனால்தான் மெழுகுவத்தியும் இரண்டு பால் பாக்கெட்டும் கூடுதலாக வாங்கத் தோன்றும்.

உங்களிடம் ஒரு கேள்வி. ஐந்தாம் எண் கூண்டுக்கும் ஆறாம் எண் கூண்டுக்கும் என்ன வித்தியாசம்?

இதை நண்பர்கள் ஏழெட்டு பேரிடம் கேட்டுப் பார்த்தேன். எல்லோரும் படித்தவர்கள். ‘ஆறுன்னா இன்னும் கொஞ்சம் மோசம்’ என்றார்கள். பாங்க்கில் வேலை பார்க்கும் ஒருவர், ‘இருபது சதவிகிதம் அதிகம்’ என்று கணக்கே போட்டுவிட்டார். நியாயமான பதில்தான். பரீட்சை மார்க்கிலிருந்து மாடிப்படி வரை எண் கூடினால் விஷயம் கூடுகிறது என்றுதானே பழகியிருக்கிறோம்?

கூண்டில் அப்படியில்லை. ஒன்று என்றால் தூரத்தில் கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் இருக்கிறது. இரண்டு என்றால் அது புயலாகிவிட்டது, ஆனால் இன்னும் தூரத்தில். மூன்றும் நான்கும் உள்ளூர்த் துறைமுகத்துக்கான எச்சரிக்கைகள். ஐந்து, ஆறு, ஏழு மூன்றுக்கும் புயலின் பலம் ஒன்றேதான். ஐந்து என்றால், துறைமுகம் புயல் போகும் பாதைக்கு இடப்பக்கம் இருக்கும். ஆறு என்றால் வலப்பக்கம். ஏழு என்றால் துறைமுகத்தின் மேலேயே அல்லது மிக அருகே. எட்டு, ஒன்பது, பத்தும் இதே இடம், வலம், நடுதான். புயல் மட்டும் தீவிரமானது. அதாவது, இந்த எண்கள் ‘எவ்வளவு’ என்பதை மட்டும் சொல்வதில்லை. ‘நீ எந்தப் பக்கம் இருக்கிறாய்’ என்றும் சொல்கின்றன. அந்த இரண்டாவது பாதியைத்தான் நாம் காதில் வாங்கிக்கொள்வதேயில்லை.

பதினொன்று என்றும் ஒரு கூண்டு உண்டு. புயல் எச்சரிக்கை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது, நிலைமை மோசமாக இருக்கும் என்று துறைமுக அதிகாரி நினைக்கிறார் என்று அதற்கு அர்த்தம். படிக்கும்போதே எனக்கு முதுகு சில்லிட்டது.

இந்த ஏற்பாடு கப்பல்காரர்களுக்காக ஏற்பட்டது. 1864 அக்டோபரில் ஒரு புயல் கல்கத்தாவுக்குள் கடலையே கொண்டுவந்து பல்லாயிரம் பேரைச் சாகடித்தது. அடுத்த வருஷமே அந்தத் துறைமுகத்தில் எச்சரிக்கை முறை தொடங்கியது. பத்து வருஷம் கழித்து, 1875-ல் நம் வானிலைத் துறை பிறந்தது. அதற்கெல்லாம் முன்பே கல்கத்தாவில் ஹென்றி பிடிங்டன் என்று ஒரு வெள்ளைக்காரர் புயல்களைத் துரத்தித் துரத்திக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். ‘சைக்ளோன்’ என்ற வார்த்தையே அவர் உண்டாக்கியதுதான். பாம்பு சுருண்டிருப்பதுபோல் என்ற அர்த்தத்தில் கிரேக்க மொழியிலிருந்து எடுத்தது. சுந்தரவனம் பக்கம் மாத்லா ஆற்றங்கரையில் ஒரு புதுத் துறைமுகம் கட்ட ஆங்கிலேயர்கள் திட்டம் போட்டபோது, ‘வேண்டாம், என்றாவது ஒருநாள் புயலோடு கடல் வந்து மூழ்கடித்துவிடும்’ என்று 1853-ல் கவர்னர் ஜெனரலுக்கு எழுதினார். யார் கேட்டார்கள்? கட்டினார்கள். 1867-ல் புயலும் கடலும் வந்து கானிங் துறைமுகத்தைச் சிதைத்துப்போட்டன. ‘நான்தான் அப்பவே சொன்னேனே’ என்று சொல்லக்கூட பிடிங்டன் இல்லை. 1858-லேயே காலமாகிவிட்டார்.

சரி, வலமோ இடமோ, அதனால் நமக்கென்ன? இருக்கிறது. மாட்டுவண்டிபோல் நீங்கள் புயலின் மேல் ஏறி உட்கார்ந்து ஓட்டிக்கொண்டு வருவதாக நினைத்துக்கொள்ளுங்கள். நம் கரைக்கு அது பெரும்பாலும் கிழக்கிலிருந்து வருகிறது. அப்போது உங்கள் வலதுகைப் பக்கம் வடக்கு, இடதுகைப் பக்கம் தெற்கு. பூமத்தியரேகைக்கு வடக்கே எல்லாப் புயல்களும் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில்தான் சுற்றும். ஆகவே வலப்பக்கத்தில் காற்று கடலிலிருந்து ஊருக்குள் வீசும்; இடப்பக்கத்தில் ஊரிலிருந்து கடலுக்கு. வலப்பக்கத்தில் கடலை உள்ளே தள்ளுகிறது, இடப்பக்கத்தில் வெளியே இழுக்கிறது. ஒரே புயல்தான். இந்த ஊரில் கடல் தெருவுக்குள் வரும்போது, ஐம்பது கிலோமீட்டர் தள்ளி இன்னொரு ஊரில் அது பின்வாங்கிப்போய் மணல் தெரியும். அதை வேடிக்கை பார்க்கக் கூட்டம் வேறு கூடும்.

கடல் எப்படி ஊருக்குள் வருகிறது? புயலின் மையத்தில் காற்றழுத்தம் குறைவு, அதனால் கடல் உறிஞ்சப்பட்டு மேலே எழுகிறது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்தார்கள். உண்மைதான், ஆனால் அது சின்னப் பங்கு. ஒரு மில்லிபார் குறைந்தால் ஒரு சென்டிமீட்டர் உயரும், அவ்வளவுதான். மிச்சமெல்லாம் காற்று மணிக்கணக்காகத் தள்ளிக்கொண்டு வந்து சேர்க்கும் தண்ணீர். ஆழக்கடலில் தள்ளினால் அது கீழே இறங்கி வந்த வழியே திரும்பிவிடும். கரையோரம் ஆழமில்லாத இடத்தில் கீழே போக வழியில்லை. சந்தேகமிருந்தால் சொம்பில் இருக்கும் தண்ணீரை ஊதிப் பாருங்கள், பிறகு டபராவில் இருக்கும் காபியை ஊதிப் பாருங்கள். (இரண்டாவதை மேஜை விரிப்பு இல்லாத இடத்தில் செய்யவும்.) பாக் ஜலசந்தி அப்படியொரு டபராதான். ஒரிசாவிலிருந்து வங்காளதேசம் வரையிலான கரையும் அப்படியே.

ஒரு கன மீட்டர் காற்றின் எடை ஒன்றே கால் கிலோகூட இல்லை. ஒரு கன மீட்டர் கடல்நீரின் எடை ஒரு டன்னுக்குக் கொஞ்சம் மேல். காற்று கூரையைப் பிய்க்கும், தண்ணீர் வீட்டையே தூக்கிக்கொண்டு போகும். 1964 டிசம்பர் 22 நள்ளிரவில் பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன பாசஞ்சர் ரயில் ஞாபகமிருக்கிறதா? நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு அதைக் கடல் புரட்டிப்போட்டது. ஒருவரும் பிழைக்கவில்லை. தந்தியும் போனும் அறுந்து கிடந்ததால் செய்தி வெளியே வரவே நேரமானது. பதினொன்றாம் எண் கூண்டு ஏதோ பேச்சுக்கு வைத்ததில்லை என்பது அப்போது புரிகிறது. இன்றைக்கு அந்தச் சர்ச் சுவருக்கு முன்னால் நின்று செல்ஃபி எடுக்கிறோம்.

எண்ணை நம்பி ஏமாறுவது நம்மோடு மட்டும் போகவில்லை. அமெரிக்காவில் கூண்டு கிடையாது, ‘கேட்டகரி’ ஒன்று முதல் ஐந்து வரை. காற்றின் வேகத்தை வைத்து. 1969-ல் மிஸிஸிப்பி கரையில் கமீல் என்ற சூறாவளி, கேட்டகரி ஐந்து. அதில் தப்பித்த வீடுகளும் மனிதர்களும் ஏராளம். 2005-ல் கத்ரினா கரையேறும்போது கேட்டகரி மூன்று. ‘அஞ்சையே பார்த்தாச்சு, மூணு என்ன செய்யும்?’ என்று பலர் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். கத்ரினா காற்றில் குறைந்திருந்ததே தவிர, உடம்பில் கமீலைவிட மிகப் பெரியது. அது வாரிக்கொண்டு வந்த கடல், பாதையின் வலப்பக்கமிருந்த மிஸிஸிப்பி கரையில் எட்டு மீட்டருக்கு மேல் ஏறியது. கத்ரினாவில் செத்தவர்கள் பலரைக் கொன்றது கமீல்தான் என்று அந்தப் பக்கம் இப்போதும் சொல்கிறார்கள். இடப்பக்கம் என்றால் தப்பித்தோம் என்றும் நினைக்க வேண்டாம். நியூ ஆர்லியன்ஸ் இடப்பக்கம்தான் இருந்தது. ஊருக்குப் பின்னாலிருந்த ஏரி வழியாகவும் கால்வாய்கள் வழியாகவும் தண்ணீர் வந்து, கரைகள் உடைந்து, நகரமே மூழ்கியது.

அமெரிக்கச் சூறாவளிகளில் 1963 முதல் 2012 வரை நேரடியாகச் செத்தவர்களைக் கணக்கெடுத்தார்கள். பத்துக்கு ஒன்பது பேர் தண்ணீரால். காற்றால் போனவர்கள் மிகச் சொற்பம். 2010-ல் அந்த ஊர் நிபுணர்கள், கேட்டகரிக்கும் கடல் ஏறும் உயரத்துக்கும் சம்பந்தமில்லை என்று சொல்லி, கேட்டகரி அட்டவணையிலிருந்து கடல் உயரத்தையே எடுத்துவிட்டார்கள். 2017 முதல் கடல் ஏறுவதற்கென்றே தனி எச்சரிக்கை. காற்றுக்கு ஒன்று, தண்ணீருக்கு ஒன்று.

நம் பக்கத்துக் கதைக்கு வருவோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் சென்னையைத் தொடவேயில்லை. கடலோரமாக வடக்கே நகர்ந்து ஆந்திராவில் பாபட்லா பக்கம் கரையேறியது. ஆனாலும் வேளச்சேரியிலும் பள்ளிக்கரணையிலும் முதல் மாடியிலிருந்து படகில் இறங்கினார்கள். கடல் உயர்ந்து நிற்கும்போது ஊரில் பெய்த மழை வடிவதற்கு இடமில்லை. 2024-ல் ஃபெஞ்சல். காற்றின் கணக்கில் சாதாரணப் புயல்தான், ‘தீவிர’ என்ற அடைமொழிகூடக் கிடைக்கவில்லை. புதுச்சேரி அருகே கரையைக் கடந்துவிட்டு நகராமல் உட்கார்ந்துகொண்டது. மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை. தென்பெண்ணை பொங்கியது. திருவண்ணாமலையில் மலைச்சரிவில் ஒரு வீடு புதைந்து ஏழு பேர் போனார்கள். கடற்கரையிலிருந்து அவ்வளவு தள்ளி! மெரினாவில் குடையைத் திருப்பிக்கொண்டு நின்று ‘காற்று பலமாக வீசுகிறது நேயர்களே’ என்று கத்தும் நிருபரைப் பார்க்கும்போதெல்லாம், கேமராவைக் கொஞ்சம் கீழே திருப்புங்கள் என்று சொல்லத் தோன்றுகிறது.

இந்த வலம் இடம் சமாச்சாரத்தை எனக்கு முதலில் சொல்லித் தந்தது புத்தகமில்லை. கஜா புயலுக்கு அடுத்த வருஷம், 2019-ல், ஒரு கல்யாணத்துக்காக நாகப்பட்டினம் போயிருந்தேன். மறுநாள் வேளாங்கண்ணிப் பக்கம் ஒரு மீனவக் குப்பத்தில் வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். அறுபத்தைந்து வயதிருக்கும்.

“புயல் வர்றது முன்கூட்டியே தெரியுமாய்யா?”

“வர்றதுதான் ரேடியோவுல சொல்றானே தம்பி. எங்க வருதுன்னுதான் நாம பாக்கணும்.”

“எப்படிப் பார்ப்பீங்க?”

“மொதல்ல வாடைதான் அடிக்கும். அது எப்படித் திரும்புதுன்னு பாரு. வாடை கச்சானாத் திரும்புச்சுன்னா, ஆத்தா நம்ம பக்கம் வரலை, தெக்க இருக்குறவனுக்கு இல்லை, நமக்கு வடக்க போறா. கடலு உள்ள வாங்கும். வாடை கொண்டலாத் திரும்புச்சுன்னா கடலு வீட்டுக்கு வரும். அப்ப அரிசிப்பானையைத் தேடிக்கிட்டு நிக்கக் கூடாது. ஓடிரணும்.”

வாடை வடக்குக் காற்று, கொண்டல் கிழக்கு, கச்சான் மேற்கு, சோழகம் தெற்கு. ஊருக்கு வந்து காகிதத்தில் ஒரு வட்டம் போட்டு அம்புக்குறி வரைந்து பார்த்தேன். அச்சுப் பிசகாமல் சரி. புயல் உங்களுக்குத் தெற்கே கடந்தால், அதாவது நீங்கள் அதன் வலப்பக்கம் இருந்தால், காற்று வடக்கிலிருந்து கிழக்காகத் திரும்பும். வடக்கே கடந்தால் மேற்காகத் திரும்பும். பிடிங்டன் கப்பல் தலைவர்களுக்காக எழுதியதும், ஐந்தாம் எண் ஆறாம் எண் கூண்டு சொல்வதும் இதையேதான்.

“திரும்பாமயே பொசுக்குன்னு நின்னுட்டா?” என்று கேட்டேன்.

அவர் வலை ஊசியைக் கீழே வைத்தார். 1977 நவம்பர் 12 விடியற்காலைப் புயலைப் பற்றிச் சொன்னார். அது நாகைக்குத் தெற்கே மிக அருகில் கடந்தது. நானூறு, ஐநூறு என்று உயிர்கள் போயின. (அடுத்த வாரமே, 19-ம் தேதி, இன்னொரு புயல் ஆந்திராவின் திவிசீமாவில் கடலை உள்ளே விட்டு ஆயிரக்கணக்கில் கொண்டுபோயிற்று. அதனால் நம் புயலை ஊர் மறந்துவிட்டது.) ராத்திரி முழுக்க வாடை அடித்துவிட்டுச் சட்டென்று நின்றதாம். இலை அசையவில்லை. நட்சத்திரம்கூடத் தெரிந்ததாம். “விட்டுருச்சுடா, வள்ளத்தைப் பாத்துட்டு வரேன்னு அண்ணன் போனான்” என்றார். அவ்வளவுதான். அதற்கு மேல் அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

புயலின் கண் என்று நாம் படித்திருப்பது அது. நடுவில் ஓர் அமைதி. பத்து நிமிஷமும் இருக்கலாம், ஒரு மணி நேரமும் இருக்கலாம். பிறகு எதிர்த்திசையிலிருந்து அதே வேகத்தில் இரண்டாம் பாதி. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா சென்னையைக் கடந்தபோது எங்கள் பெரம்பூர் குடியிருப்பிலும் இதைப் பார்த்தோம். காலையிலிருந்து வடக்குக் காற்று போட்டுப் பிசைந்தது. சாயங்காலம் திடீரென்று நிசப்தம். கதவுகள் திறந்தன. தூங்குமூஞ்சி மரம் எத்தனை கார் மேல் விழுந்திருக்கிறது என்று எண்ண ஆட்கள் செல்போனோடு கீழே இறங்கினார்கள். எங்கள் வாட்ச்மேன் ஒரிசாக்காரர். கேட்டைப் பூட்டிக்கொண்டு குறுக்கே நின்றுவிட்டார். அரைகுறைத் தமிழில், “உள்ளே போ சார், இன்னொண்ணு இருக்கு, இன்னொண்ணு வரும்” என்று கத்தினார். செக்ரட்டரிக்குக் கோபம். ‘வாட்ச்மேன் நமக்கு உத்தரவு போடுறானா?’ வாக்குவாதம் முடிவதற்குள் தெற்கிலிருந்து இன்னொண்ணு வந்துவிட்டது. வடக்குக் காற்றில் ஒரு பக்கமாகச் சாய்ந்து வேர் தளர்ந்திருந்த மரங்களை மறுபக்கமாக இழுத்துச் சாய்த்தது. எதிர் வாதாமரம் விழுந்த இடத்தில் சற்று முன் நாலு பேர் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அவருக்கு எப்படித் தெரியும் என்று பிறகு கேட்டேன். ஜகத்சிங்பூர் மாவட்டத்துக்காரர். 1999 அக்டோபர் 29. அன்று அங்கே கடல் ஐந்து, ஆறு மீட்டர் உயரத்துக்கு எழுந்து வெகுதூரம் உள்ளே வந்தது. மாநிலம் முழுவதும் சுமார் பத்தாயிரம் பேர் செத்தார்கள். சின்னப் பையனாகத் தென்னைமரத்தில் தொங்கிக்கொண்டிருந்தாராம். அதே ஒரிசாவில் 2013-ல் ஃபைலின் வந்தபோது பத்து லட்சம் பேருக்கு மேல் இடம் மாற்றினார்கள். 2019-ல் ஃபானி, பன்னிரண்டு லட்சம். சாவு எண்ணிக்கை சில பத்துகளில் நின்றது. புயலின் வேகம் குறையவில்லை. தங்குமிடங்கள் கட்டினார்கள், ஊர் ஊராக ஆட்களைப் பழக்கினார்கள், ‘எண் இத்தனை’ என்று சொல்வதை விட்டுவிட்டு ‘உன் வீட்டுக்குள் இத்தனை அடி தண்ணீர் வரும், கிளம்பு’ என்று சொல்லக் கற்றுக்கொண்டார்கள். வங்காளதேசத்தில் 1970-ல் குறைந்தது மூன்று லட்சம் பேர் ஒரே இரவில் போனபிறகு, கையில் மெகாஃபோனும் கொடியுமாகத் தொண்டர்களைக் கிராமந்தோறும் நிறுத்தினார்கள். அவர்களுடைய வேலையும் இந்த மொழிபெயர்ப்புதான்.

கரையில் இருப்பவனுக்குச் சொல்லலாம். கடலில் இருப்பவனுக்கு? 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் கன்னியாகுமரிக்குத் தெற்கே ஒரே நாளில் புயலாக மாறியபோது, தூத்தூர், வள்ளவிளை பக்கத்து ஆழ்கடல் விசைப்படகுகள் கிளம்பிப் பல நாளாகியிருந்தன. நூறு மைலுக்கு அப்பால் இருப்பவனுக்கு எந்தக் கூண்டு தெரியும்? எந்த டவர் கிடைக்கும்? தமிழ்நாட்டிலும் கேரளாவிலுமாகச் சேர்த்துத் திரும்பாதவர்கள் இருநூறுக்கு மேல்.

சொன்னாலும் ஏன் சிலர் கிளம்புவதில்லை என்று ஏ.ஸி. அறையில் உட்கார்ந்து கேட்பது சுலபம். ஆட்டை யார் பார்த்துக்கொள்வது? படகு கடனில் வாங்கியது. முகாம் என்பது பெரும்பாலும் ஒரு பள்ளிக்கூடம். முந்நூறு பேருக்கு இரண்டு கக்கூஸ். போன தடவை மூன்று நாள் போய் உட்கார்ந்தோம், புயல் ஆந்திராவுக்குப் போய்விட்டது. வயசுப் பெண்ணை வைத்துக்கொண்டு எங்கே படுப்பது? இவையெல்லாம் சாக்கு இல்லை, கணக்கு. அந்தக் கணக்கில் தண்ணீர் எத்தனை அடி என்ற எண் மட்டும் விடுபட்டிருக்கிறது. வானிலைத் துறையின் புயல் அறிக்கையில் கடல் எவ்வளவு எழும் என்பதும் இருக்கத்தான் செய்கிறது. ஐதராபாத்திலுள்ள இன்காய்ஸ் நிறுவனம் அதையே கணக்குப் போட்டுத் தருகிறது. செய்தியில் அந்த வரி வரும்போதுதான் விளம்பர இடைவேளை விட்டுவிடுகிறார்கள்.

நாகைப் பெரியவரிடம் கஜா அன்றைக்கு என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். 2018 நவம்பர் 15 சாயங்காலமே, யாரும் வந்து கூப்பிடுவதற்கு முன்னால், தங்குமிடத்துக்குப் போய்விட்டாராம். பிளாஸ்டிக் பையில் ரேஷன் கார்டு, வீட்டுப் பட்டா, மகள் கல்யாண போட்டோ, ஒரு டிரான்சிஸ்டர். கையில் ஒரு கோழி. ‘கெழவனுக்குப் பயம் வந்திருச்சு’ என்று பொடியன்கள் சிரித்திருக்கிறார்கள். நள்ளிரவுக்கு மேல் வேதாரண்யம் பக்கம் கரையேறியது. வாடை கொண்டலாகத் திரும்பியதை அடைத்த ஜன்னலுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து காதால் கேட்டாராம்.

“வீடு?”

“ஓடு பூரா போயிருச்சு தம்பி. சுவரு நிக்குது. மகன் சென்னையிலேர்ந்து நாலு நாளு போனைப் போட்டுப் பாத்துருக்கான், டவர் இல்லை. அஞ்சாம் நாளு கெடைச்சதும் மொதல்ல என்னா கேட்டான் தெரியுமா? ‘அப்பா, எத்தனாம் நம்பர் கூண்டு ஏத்துனாங்க’ன்னு.”

கோழி என்ன ஆயிற்று என்று கேட்டேன். தங்குமிடத்திலேயே மூன்று முட்டை போட்டதாம்.